கழுத்தில் தொங்கும் சிலுவையும் தோளில் ஏறும் சிலுவையும்



உங்கள் வீட்டுச் சுவரில் ஒரு சிலுவை மாட்டியிருப்பீர்கள். பிள்ளைகளின் கழுத்திலும் சிறிய சிலுவை ஒன்று தொங்கும். புது மோட்டார் சைக்கிள் வாங்கினால்கூட அதில் ஒரு சிலுவைப் படத்தை ஒட்டிவிட்டுத்தான் ஓட்டத் தொடங்குகிறோம். இத்தனை சிலுவைகளைச் சுற்றிலும் வைத்துக்கொண்டிருக்கும் நம்மிடம், "இதனால் உங்கள் வாழ்க்கையில் என்ன மாறியது?" என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வோம்?

இந்தக் கேள்வி எனக்கு வேதபாட வகுப்பில் எழவில்லை. ஒரு மங்கைப் பார்த்துத்தான் எழுந்தது. ஆம், கோப்பி குடிக்கும் மங்குதான். முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சிலுவைத் தாத்தா

நான் பிறந்து வளர்ந்தது நெகிரி செம்பிலானில் ஒரு ரப்பர் தோட்டம். 1980-ஆம் ஆண்டுகளில் அங்கே கிறிஸ்தவக் குடும்பங்கள் பதினைந்துக்கு மேல் இல்லை. பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு சின்ன செபக்கூடம் இருந்தது. மாதம் ஒருமுறை பட்டணத்திலிருந்து சாமியார் வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் செபம் நடத்துவார்.

பெரிய வெள்ளிக்கிழமைக்கு நம் மாநிலத்தில் விடுமுறை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். காலையில் பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, பால் அளந்து கொடுத்துவிட்டு, குளித்து முழுகி, ஒரு சந்தியாகவே பிற்பகலில் எல்லோரும் கூடுவார்கள். சிலுவைப் பாதை செபக்கூடத்தில் தொடங்கி, லயத்தைச் சுற்றிக்கொண்டு, பால்மரங்களுக்கு நடுவே போகும் செம்மண் பாதையில் நடக்கும். பதினான்கு நிலைகளுக்கும் பதினான்கு மரங்களில் எண் எழுதிய அட்டையைக் கட்டியிருப்பார்கள்.

முன்னால் மரச் சிலுவையைத் தூக்கிச் செல்பவர் எப்போதும் ஒரே பெரியவர்தான். தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்தவர். சாவு விழுந்தால் குழி வெட்டுவதும் அவர்தான். பிள்ளைகள் நாங்கள் அவரைச் 'சிலுவைத் தாத்தா' என்றே கூப்பிடுவோம். சிலுவை நல்ல கனம். வேறு யாரும் முன்வந்ததாக எனக்கு நினைவில்லை.

சிலுவைப் பாதை முடிந்ததும் அவருக்கு எங்கள் வீட்டில் கோப்பி கொடுப்பது வழக்கம். கொடுக்கும் முறைதான் வேறு. வாசலுக்கு வெளியே ஓர் ஆணியில் ஓரம் உடைந்த நீல நிற மங்கு ஒன்று தொங்கும். அது அவருக்கென்றே வைத்தது. அவர் வாசற்படிக்குக் கீழே நின்று மங்கை நீட்டுவார். என் பாட்டி மேலேயிருந்து ஊற்றுவார். குடித்து முடித்ததும் அவரே பீலித் தண்ணீரில் கழுவி, பழையபடி ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். "ஏன் பாட்டி, தாத்தாவுக்கு நம்ம கோப்பையில் கொடுக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "அவங்க வேற ஆளுங்கடா" என்றார் பாட்டி. "அப்போ, சிலுவையை மட்டும் அவங்க தூக்கலாமா?" என்று கேட்டுவிட்டேன். முதுகில் ஓர் அடி விழுந்தது. பதில் கிடைக்கவில்லை.

பாட்டியைக் குறை கூற இதை எழுதவில்லை. தினமும் செபமாலை சொல்லாமல் படுக்காதவர் அவர். சுவரில் சிலுவையும், கையில் செபமாலையும், வாசலில் தனி மங்கும் ஒரே வீட்டில் ஒன்றையொன்று இடிக்காமல் இருக்க முடிந்ததே, அதுதான் என்னை உறுத்தியது.

அடிமைகளின் தண்டனை

இன்று சிலுவையைத் தங்கத்தில் செய்து விற்கிறார்கள். ஆனால் இயேசு வாழ்ந்த காலத்தில் அது தூக்குமரத்தைவிடக் கேவலமானது. ரோமாபுரி அரசு அந்தத் தண்டனையை அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் கொடுத்தது. ரோமக் குடியுரிமை பெற்றவனைப் பொதுவாகச் சிலுவையில் அறைய மாட்டார்கள். அடித்து, ஆடையை உரிந்து, ஊர் பார்க்கத் தொங்கவிடுவார்கள். வலியைவிட அவமானமே அந்தத் தண்டனையின் நோக்கம்.

தெய்வ மகன் அந்த மரத்தில் தொங்கினார் என்று நாம் அறிக்கையிடும்போது என்ன சொல்கிறோம்? சமுதாயத்தின் ஆகக் கீழான இடத்தில், அடிமைக்கு ஒதுக்கிய இடத்தில், கடவுள் வந்து நின்றார் என்கிறோம். அப்படியானால் எனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்று நினைக்கும் நினைப்பு சிலுவைக்கு முன்னால் நிற்க முடியுமா?

புனித பவுல் ரோமாபுரி சபைக்கு எழுதியபோது இன்னும் ஒரு படி மேலே போனார். ஞானஸ்நானம் பெற்றவனுடைய பழைய மனிதன் கிறிஸ்துவோடு சேர்த்து அறையப்பட்டுவிட்டான். அவரோடு புதைக்கப்பட்டவன் புதிய வாழ்வில் நடக்க வேண்டும் என்பது அவர் போதனையின் சாரம். லூக்கா எழுதிய நற்செய்தியில் இயேசு, சிலுவையைத் தினந்தோறும் சுமக்க வேண்டும் என்கிறார். 'தினந்தோறும்' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். ஆண்டுக்கொருமுறை பெரிய வெள்ளியன்று சுமந்தால் போதாது.

நீலகண்டன் கண்ட சிலுவை

இதைப் புரிந்துகொள்ள, நம் பாட்டன் பூட்டன் நாட்டிலேயே வாழ்ந்த ஒருவரைப் பார்ப்போம். அவர் பெயர் தேவசகாயம்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நட்டாலம் என்ற ஊரில் 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் தேதி அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் நீலகண்டன். உயர்ந்த சாதி என்று எண்ணப்பட்ட நாயர் குடும்பம். பின்னாளில் அந்தப் பகுதி திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் இருந்தது. நீலகண்டன் அரசாங்க ஊழியத்தில் நல்ல பதவி வகித்தார்.

1741-இல் குளச்சல் கடற்கரையில் மன்னரின் படைக்கும் டச்சுக்காரர்களுக்கும் போர் நடந்தது. டச்சுக்காரர்கள் தோற்றார்கள். சிறைப்பட்டவர்களில் டி லனாய் என்ற தளபதியும் ஒருவர். அவருடைய திறமையைக் கண்ட மன்னர், தம் படைக்குப் பயிற்சி கொடுக்க அவரையே அமர்த்திக்கொண்டார். நீலகண்டனுக்கும் டி லனாய்க்கும் நட்பு ஏற்பட்டது.

அந்தச் சமயம் நீலகண்டனுக்கு வீட்டில் பெரும் கஷ்டம். ஆடுமாடுகள் மாண்டன, விளைச்சல் பொய்த்தது, சொத்து கரைந்தது. மனம் உடைந்திருந்தவருக்கு டி லனாய், எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் வரலாற்றைச் சொன்னார் என்று திருச்சபை வரலாறு கூறுகிறது. அங்கிருந்துதான் அவர் இயேசுவை நோக்கித் திரும்பினார். 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் தேதி, இன்று திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 'லாசர்' என்ற வேதாகமப் பெயரின் பொருளைத் தமிழில் வைத்து அவருக்குத் 'தேவசகாயம்' என்று பெயரிட்டார்கள். மனைவி பார்கவி அம்மாளும் ஞானப்பூ அம்மாள் ஆனார்.

அவர் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு, பழைய பதவியிலும் பழைய பெருமையிலும் நீடித்திருந்தால் அதிகத் தொந்தரவு வந்திராது. ஆனால் தேவசகாயம் தீண்டத் தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு பழகினார், அவர்களோடு உட்கார்ந்து உண்டார். சாதி வேற்றுமை பாராமல் எல்லா மனிதரும் சமம் என்று வலியுறுத்தினார். அந்தக் காலத்தில் தாழ்த்தப்பட்டவனின் நிழல் பட்டாலே தீட்டு என்ற நாட்டில் அது சாதாரணக் காரியமா? மேலிடத்தில் இருந்தவர்களின் பகை மூண்டது.

1749-இல் அவரைக் கைது செய்தார்கள். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சித்திரவதை. எருமையின் மேல் பின்புறமாக உட்கார வைத்து, எருக்கம்பூ மாலை போட்டு, ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். அடிபட்ட புண்களில் மிளகாய்ப் பொடியைத் தேய்த்தார்கள். பழைய மதத்துக்குத் திரும்பினால் விடுதலை என்றார்கள். அவர் இணங்கவில்லை. கடைசியில் 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் தேதி, ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அவர் உடலின் எச்சங்கள் நாகர்கோவில் கோட்டாற்றில் உள்ள புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன.

2012 டிசம்பர் 2-ஆம் தேதி அவருக்கு அருளாளர் பட்டம் கிடைத்தது. 2022 மே 15-ஆம் தேதி ரோமாபுரியில் போப்பாண்டவர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். சாமியாரோ கன்னியரோ அல்லாத, குடும்பஸ்தராக வாழ்ந்த ஓர் இந்தியர் புனிதரானது அதுவே முதல் முறை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் அவர் பெயரோடு சாதிப் பட்டத்தையும் சேர்த்தே எழுதி வந்தார்கள். புனிதர் பட்டத்தின்போது அதை நீக்கிவிட்டு வெறும் 'தேவசகாயம்' என்றே அறிவித்தார்கள். 1745-இல் அவர் தண்ணீரில் புதைத்துவிட்டு வந்ததை நாம்தான் 277 ஆண்டுகள் தோண்டித் தோண்டி எடுத்து அவர் பெயரில் ஒட்டிக்கொண்டிருந்தோம்!

எல்லாத் துன்பமும் சிலுவையா?

வாசகர்களே, தேவசகாயத்தின் வாழ்க்கையில் இரண்டு வகைத் துன்பம் இருந்ததைக் கவனித்தீர்களா? மாடு செத்ததும் பயிர் அழிந்ததும் ஒரு வகை. அவை தாமாக வந்தவை. சங்கிலியும் சவுக்கும் இன்னொரு வகை. அன்பை விட மாட்டேன், உண்மையை விட மாட்டேன் என்று அவர் முடிவெடுத்ததால் வந்தவை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவற்றிலிருந்து தப்பியிருக்கலாம். இந்த இரண்டாவது வகையைத்தான் நான் சிலுவை என்பேன். முதல் வகைத் துன்பத்திலும் ஆண்டவர் நம்மோடு இருக்கிறார். ஆனால் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

குழப்பிக்கொள்வதால் என்ன கெடுதல் என்கிறீர்களா? நம் தோட்டங்களில் எத்தனை பெண்கள், புருஷன் சம்பளத்தைச் சம்சுவில் கரைத்துவிட்டு வந்து அடிக்கும்போது, "இது ஆண்டவர் எனக்குக் கொடுத்த சிலுவை" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்! அக்கா, தங்கைமார்களே, அது உங்கள் சிலுவை அல்ல. அது அவன் செய்யும் பாவம். அதைச் சொந்தக்காரர்களிடமும், சபைப் பெரியவர்களிடமும், தேவைப்பட்டால் போலீசிடமும் சொல்வது விசுவாசக் குறைவு ஆகாது. உண்மையில் அங்கே சிலுவை சுமக்க வேண்டியவன் அந்தப் புருஷன்தான். குடிக்கிற கையைத் தினமும் கட்டிப் போடுவதும், கூட்டாளிகளின் கேலியைத் தாங்குவதும் அவனுக்கு உரிய சிலுவை.

அதுபோலவே, ஜப்பான்காரன் காலத்தில் நம் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழர்களைச் சயாமுக்கு ரயில் பாதை போட இழுத்துப் போனார்கள். அவர்களில் எத்தனையோ பேர் காய்ச்சலிலும் பசியிலும் மாண்டார்கள். அதைக் கடவுள் சித்தம் என்று சொல்லி மூடக் கூடாது. அது மனிதர் மனிதருக்குச் செய்த கொடுமை. சிலுவையில் தொங்கியவர் அவர்கள் பக்கம் இருந்தார் என்று மட்டும் நம்புகிறோம்.

பகாவ் காட்டில் ஒரு மேய்ப்பர்

அதே காலத்தில், நம் மாநிலத்திலேயே, விரும்பிச் சிலுவை எடுத்த ஒருவரும் இருந்தார். சிங்கப்பூரில் உணவுப் பஞ்சம் ஏற்பட்டபோது ஜப்பானிய அதிகாரிகள் 1943-ஆம் ஆண்டின் முடிவில் கத்தோலிக்கர்கள் பலரை நம் பகாவுக்குக் குடியேற அனுப்பினார்கள். பெரும்பாலோர் யுரேஷியர்கள், சீனர்கள். காட்டை வெட்டி, பயிரிட்டுப் பிழைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அலுவலகத்தில் பேனா பிடித்த கைகள் சங்கோல் பிடித்தன. மலேரியாவில் நூற்றுக்கணக்கானோர் இறந்தனர்.

மலாக்கா மறைமாவட்டத்தின் மேற்றிராணியார் ஏட்ரியன் டெவல்ஸ் அப்போது சிங்கப்பூரில் இருந்தார். அவர் பிரெஞ்சுக்காரர். மக்களை அனுப்பிவிட்டுப் பட்டணத்திலேயே தங்கியிருக்கலாம். தங்கவில்லை. அவர்களோடு பகாவுக்கு வந்து அதே மண்ணில் உழைத்தார். காலில் பட்ட காயத்தால் நோய்வாய்ப்பட்டு 1945 ஜனவரியில் இறந்தார். ஆண்டாண்டு காலமாகச் சிலுவையைப் பற்றிப் பிரசங்கம் செய்தவர், பகாவ் காட்டில் அதைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

இன்று நமக்கு எது சிலுவை?

நாம் எருமை மேல் ஏற வேண்டியதில்லை. நம்மை யாரும் மலையில் வைத்துச் சுடப் போவதில்லை. நமக்குக் கிடைப்பதெல்லாம் சின்னச் சின்னச் சிலுவைகள்தான். ஆனால் சின்னது என்பதால் லேசு என்று நினைத்துவிட வேண்டாம்.

பாகப் பிரிவினையில் அண்ணனோடு பேச்சு நின்று பத்து வருஷமாகிறது. யார் முதலில் போய் வாசற்கதவைத் தட்டுவது? தட்டினால் 'வெட்கங்கெட்டவன்' என்று பெயர் வரும். அந்தப் பெயர்தான் சிலுவை. சுமந்து போய்த் தட்டுங்கள்.

நிறுவை போடும் இடத்தில் கணக்கைக் கொஞ்சம் கூட்டி எழுதினால் எல்லோருக்கும் லாபம். நீங்கள் ஒருவர் மட்டும் மாட்டேன் என்றால் 'பெரிய யோக்கியன்' என்ற நையாண்டி கிடைக்கும். அந்த நையாண்டியைத் தாங்குங்கள்.

இன்னொன்று, எல்லாவற்றிலும் கடினமானது. நம்மில் பலர் தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்கு வந்துவிட்டோம். ரப்பர் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. நாம் இருந்த லயங்களில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் இருக்கிறார்கள். நம் தாத்தா பாட்டி கப்பலேறி வந்து பட்ட பாட்டைத்தான் அவர்கள் படுகிறார்கள். அவர்களைப் பற்றி நாம் எப்படிப் பேசுகிறோம்? நம் பக்கத்தில் அவர்கள் உட்கார்ந்தால் சற்று நகர்ந்து உட்காருகிறோமா இல்லையா? அந்த நீல மங்கு ஆணியிலிருந்து இறங்கிவிட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?

மீண்டும் அந்த மங்கு

மங்கின் கதையை நான் முடிக்கவில்லை.

நான் அடி வாங்கியதற்கு மறு ஆண்டு, அதே பெரிய வெள்ளி. சிலுவைத் தாத்தா வழக்கம்போல் வாசற்படிக்குக் கீழே வந்து நின்றார். பாட்டி உள்ளே இருந்தார். என் அம்மா அடுப்படியிலிருந்து வந்தார். கையில் எங்கள் வீட்டுப் பூப்போட்ட கோப்பை, தட்டுடன். பட்டணத்திலிருந்து சாமியார் வந்தால் எடுக்கும் கோப்பை அது. "உள்ள வந்து உட்காந்து குடிங்க மாமா" என்றார்.

தாத்தா தயங்கினார். ஆணியைப் பார்த்தார். மங்கு அங்கே இல்லை. அம்மா அதைக் காலையிலேயே கழற்றிவிட்டிருந்தார்.

அவர் உள்ளே வந்து உட்கார்ந்து குடித்தார். பாட்டி அதற்குப் பிறகு அம்மாவிடம் இரண்டு மாதம் பேசவில்லை. லயத்திலும் இரண்டு மூன்று வீடுகளில் எங்கள் வீட்டுப் பலகாரத்தை வாங்க மறுத்தார்கள். அம்மா யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. அழுததையும் நான் பார்க்கவில்லை. விடிகாலையில் எழுந்து பால் வெட்டப் போனார், வந்தார், சமைத்தார். அடுத்த பெரிய வெள்ளிக்கும் அதே கோப்பையை எடுத்து வைத்தார்.

இவ்வளவையும் கண்ணால் பார்த்து வளர்ந்தவன் நான். படித்து ஆசிரியரானேன். பிள்ளைகளுக்குச் சமத்துவத்தைப் பற்றிப் பாடம் நடத்தினேன். ஆனாலும், சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கைக்கு ஒரு வரன் வந்தபோது, பையன் நல்லவன், குடிப்பழக்கம் இல்லை, சபைக்கு ஒழுங்காக வருகிறவன் என்று எல்லாம் விசாரித்த பிறகு, என் வாயிலிருந்து வந்த கேள்வி என்ன தெரியுமா? "அவங்க எந்த ஆளுங்க?"

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. "அந்த மங்கை நான் எப்பவோ குப்பையில போட்டேன். நீ எங்கேருந்துப்பா எடுத்துக்கிட்டு வந்தே?" என்றார்.

வாசகர்களே, வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். அந்தக் கல்யாணம் நடந்தது. தங்கை நன்றாக இருக்கிறாள். என் பழைய மனிதன்தான் இன்னும் முழுதாகச் சாகவில்லை. அவன் தினமும் எழுந்து வருகிறான். 'தினந்தோறும்' என்று ஆண்டவர் ஏன் சொன்னார் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அடுத்த பெரிய வெள்ளி வரை காத்திருக்க வேண்டாம். இன்று இரவு குடும்ப செபம் முடிந்ததும் உங்கள் வீட்டு வாசலை ஒருமுறை எட்டிப் பாருங்கள். அங்கே யாருக்காவது தனி மங்கு ஒன்று தொங்குகிறதா? தொங்கினால், விடிவதற்குள் கழற்றிவிடுங்கள். யாராவது கோபித்துக்கொள்வார்கள், யாராவது பேசாமல் போவார்கள். போகட்டும். உங்கள் தோளில் அன்றுதான் சிலுவை ஏறியிருக்கும். புதிய வாழ்வும் அன்றுதான் தொடங்கியிருக்கும்.